கடவுச்சொற்களைப் பாதுகாத்தல் – வரலாறு

கடவுச்சொல் என்பது கணினியிடம் ஒருவர் தம்மை இன்னார் என்று காட்டத் தரும் இரகசியச் சொல். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும் சொல்லால் பேசிக்கொள்ளும் வழக்கம் தமிழில் பழையது. நன்னூல் அதைக் குழூஉக்குறி என்கிறது. ஆனால் குழூஉக்குறியைக் குழு முழுவதும் சேர்ந்து நினைவில் வைத்திருந்தது. கடவுச்சொல்லைத் தனி ஆள் நினைவில் வைக்க வேண்டும். இன்று ஒன்றல்ல, பல சொற்களை.

தொடக்கம்

1961ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பைச் செய்து காட்டினர். ஒவ்வொருவரின் கோப்புகளையும் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. அந்தச் சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. கடவுச்சொல் கோப்பை அச்சிடுமாறு அவர் துளை அட்டை வழியாகக் கேட்டார். கணினியும் அச்சிட்டுக் கொடுத்தது. 1966ல் இரண்டு கோப்புகள் இடம் மாறியதால், கணினிக்குள் நுழைந்தவர்கள் அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்தன.

கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்ப மீட்க முடியாத வடிவத்துக்கு மாற்றி வைக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் அறுபதுகளில் உருவாக்கினார். 1979ல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் யூனிக்ஸ் பயனர்களின் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றில் 86 விழுக்காடு மிகக் குறுகியவை அல்லது எளிதில் ஊகிக்கத்தக்கவை. இரகசியத்தைக் காக்கக் கணினி கற்றுக்கொண்ட அளவுக்கு மனிதர் கற்றுக்கொள்ளவில்லை.

சென்னையில்

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973ல் ஐ.பி.எம். 370 கணினி வந்தது. துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் அந்த முறையில் கடவுச்சொல்லுக்கு வேலை குறைவு. பொதுமக்களிடம் அது வந்தது 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கிய பிறகே. அப்போது ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல் போதும். 2002ல் ரயில் சீட்டு இணையத்துக்கு வந்தது. பிறகு வங்கி, மின்கட்டணம், சொத்து வரி, வருமான வரி, வருங்கால வைப்புநிதி என்று ஒவ்வொன்றும் தனிச் சொல் கேட்டது. கோபாலபுரத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே வாழும் ஓய்வூதியர் ஒருவர்கூட இன்று பத்துப் பன்னிரண்டு கணக்குகளை நடத்த வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதே எளிதாகத் தோன்றும். ஆபத்தும் அதில்தான்.

அந்த ஆபத்தை 2009 டிசம்பர் காட்டியது. ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவை எந்த மறையாக்கமும் இன்றி இருந்தன. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஓரிடத்தில் திருடிய சொல்லை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கமான முறை. அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் இணையத்தில் அட்டை வழிப் பணம் செலுத்த இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தின் 66சி பிரிவு, பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

பெட்டகமும் நோட்டும்

பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதிகளைப் பரப்பியது 2004ல் வெளியான அமெரிக்க அரசு வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் 2017ல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு வந்த புதிய வழிகாட்டி அவ்விரு விதிகளையும் கைவிட்டது; நீண்ட சொற்றொடர்களை ஏற்றது.

மாற்று வழி அதற்கு முன்பே இருந்தது. 1997ல் புரூஸ் ஷ்னையர் வெளியிட்ட பாஸ்வேர்ட் சேஃப் எல்லாச் சொற்களையும் மறையாக்கி ஒரு பெட்டகத்தில் வைத்தது. பயனர் ஒரு தலைமைச் சொல்லை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2003ல் இலவசமான கீபாஸ் வந்தது. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சென்னையின் ஸோஹோ நிறுவனமும் இதே துறையில் இறங்கியது. ஸோஹோ வால்ட்டில் தலைமைச் சொல் நிறுவனத்துக்கே தெரியாது. திருடருக்கு இது கடினம், மறதிக்காரருக்கும் கடினம். பெட்டகங்களும் முழுக் காப்பு அல்ல. 2022ல் லாஸ்ட்பாஸ் பயனர்களின் மறையாக்கிய பெட்டகங்கள் திருடு போயின. ஸோஹோ அலுவலகங்களுக்கென வழங்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் ப்ரோவில் இருந்த ஓட்டை ஒன்றும் அவ்வாண்டு தாக்குதலுக்கு உள்ளானது, திருத்தம் வெளியிடப்பட்டது.

பீரோவில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தைக் கேலி செய்வது வழக்கம். ஆனால் ஷ்னையரே 2005ல் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைக்கலாம் என்றார். தொலைதூரத் திருடனால் பீரோவைத் திறக்க முடியாது. வீட்டுக்குள் வந்து போகிறவர்கள் விஷயம் வேறு.

தமிழ் எழுத்தில் கடவுச்சொல் வைப்பதில் தனிச் சிக்கல் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதை இரண்டு விதமாகப் பதியலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. 2017 வழிகாட்டி இவற்றைச் சீராக்கி ஒப்பிடச் சொல்கிறது. அப்படிச் செய்யாத தளத்தில் சரியான சொல்லும் தவறாகிவிடும்.

கணக்குகளைக் கவனித்தவர் இறந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பிந்தித்தான் எழுந்தது. 2013ல் கூகுள், நெடுநாள் பயன்படாத கணக்கின் தரவை முன்பே குறித்துவைத்த ஒருவருக்குத் தரும் வசதியைக் கொண்டுவந்தது. பெட்டகச் செயலிகள் சிலவற்றில் அவசர அனுமதி என்ற பெயரில் இதுபோன்ற ஏற்பாடு உள்ளது. இரண்டையும் கணக்கு வைத்திருப்பவர் உயிருடன் இருக்கும்போதே அமைத்துவைக்க வேண்டும்.