பிராப்பர்ட்டி சேஞ்ச் லிசனர்

ஜாவா மொழியில், ஓர் ஆப்ஜெக்ட்டின் பண்பு மாறியதைப் பிற ஆப்ஜெக்ட்டுகள் அறிய உதவும் இன்டர்ஃபேஸ். 1997இல் ஜேடிகே 1.1 உடன், ஜாவாபீன்ஸின் பகுதியாக வந்தது. பண்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு ஆகியவற்றைத் தாங்கிய நிகழ்வு, பதிவு செய்துகொண்ட லிசனர்களுக்குச் செல்கிறது. பதிவையும் அறிவிப்பையும் பிராப்பர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் என்னும் கிளாஸ் கவனித்துக்கொள்கிறது. இரு மதிப்புகளும் சமமானால் அது அறிவிப்பதில்லை. இரண்டுமே நல் (null) என்றால் மட்டும் அறிவித்துவிடும். அனுபவசாலிகளையும் இடறவைக்கும் நுணுக்கம் இது. அறிவிப்பை எழுப்பிய த்ரெட்டிலேயே லிசனர்களும் ஒவ்வொன்றாக ஓடுவதால், ஒன்று தாமதித்தால் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். மாற்றத்தை மறுக்கும் உரிமை பிராப்பர்ட்டி சேஞ்ச் லிசனருக்கு இல்லை. அதற்கு வீட்டோவபிள் சேஞ்ச் லிசனர் தனியே உண்டு. தேவை முடிந்ததும் நீக்காத லிசனர், மூல ஆப்ஜெக்ட் உள்ளவரை நினைவகத்தை விட்டு அகலாது.