பப்பா ஸ்மித்: சொந்த மாநிலத்தில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர்

'போலீஸ் அகாடமி' (1984) படம் பார்த்தவர்களுக்கு ஹைடவரை மறக்க முடியாது. சின்னக் காரின் முன்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டுவாரே, அந்த ராட்சத மனிதர்! தோழியை ஒருவன் நிறத்தைச் சொல்லித் திட்டும்போது, அவன் உட்கார்ந்திருக்கும் காரையே புரட்டிப் போடுவார். தியேட்டரில் எல்லோரும் சிரித்த காட்சி அது. நடித்தவரின் கதை தெரிந்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

அவர் பெயர் சார்லஸ் ஆரன் ஸ்மித். எல்லோருக்கும் 'பப்பா' ஸ்மித். 1945ல் டெக்சாஸில் பிறந்தார். உயரம் 6 அடி 7 அங்குலம். அப்பா வில்லி ரே ஸ்மித், போமான்ட் நகரில் கறுப்பின மாணவர்கள் படித்த சார்ல்டன்-பொல்லார்ட் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் பயிற்சியாளர். (நாம் சொல்லும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால்.)

பப்பா பள்ளியை முடித்தபோது டெக்சாஸின் பெரிய பல்கலைக்கழக அணிகளில் கறுப்பர்களுக்கு இடமே இல்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு மைதானத்துக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. 1969ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன் ஆனபோதுகூட அதன் முதன்மை அணியில் எல்லோரும் வெள்ளையர்களே.

ஆகவே பப்பா ஆயிரம் மைலுக்கு மேல் வடக்கே போனார், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே பயிற்சியாளர் டஃபி டாஹர்ட்டி, தெற்கின் கறுப்புப் பயிற்சியாளர்களோடு நல்ல தொடர்பு வைத்திருந்தார். பெரிய மனசு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய திறமை அவருக்குச் சும்மா கிடைத்தது! 1966 அணியில் 20 கறுப்பின வீரர்கள். குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே வட கரோலினா, ஜார்ஜ் வெப்ஸ்டர் தென் கரோலினா, ஜீன் வாஷிங்டன் டெக்சாஸ்.

பப்பாவின் இடம் டிஃபென்சிவ் எண்ட், அதாவது தடுப்பு வரிசையின் ஓரம். இந்த இடத்தில் ஆடுபவர் பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரில் நிற்பவனை இடித்துத் தள்ளி, குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் போய் அமுக்க வேண்டும். ஸ்கோர்போர்டில் பெயர் வராது. ஆனால் 1965ல் இந்த வரிசை என்ன செய்தது பாருங்கள்: மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், நோட்ர டேம் மூன்று அணிகளும் பந்தோடு ஓடி எடுத்த மொத்த தூரம் பூஜ்யத்துக்கும் கீழே! மிச்சிகனுக்கு மைனஸ் 51 யார்டு. "கில், பப்பா, கில்!" என்று அரங்கமே கத்தும்.

19 நவம்பர் 1966. தோல்வியே காணாத நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதின. அரங்கில் 80,011 பேர். முதல் கால்பகுதியிலேயே பப்பா மோதியதில் நோட்ர டேம் குவார்ட்டர்பேக் டெர்ரி ஹான்ராட்டியின் தோள் மூட்டு விலகியது. மிச்சிகன் ஸ்டேட் 10-0 என்று முன்னேறியது. ஆனால் மாற்று ஆளாக வந்த கோலி ஓ'பிரையன் டச்டவுன் பாஸ் எறிந்தார், பின்பு ஒரு ஃபீல்ட் கோல், 10-10. கடைசி நிமிடத்தில் பந்து நோட்ர டேமிடம். பயிற்சியாளர் அரா பார்சீகன் ரிஸ்க் எடுக்காமல் நேரத்தை ஓட்டிவிட்டார். எதிரணியினர் கேலி செய்தும் அசரவில்லை. கடைசியில் கருத்துக்கணிப்பில் முதலிடம் நோட்ர டேமுக்கே! எல்லா ஆட்டத்திலும் வென்ற அலபாமாவுக்கு மூன்றாம் இடம்தான். அது வெள்ளையர் மட்டுமே ஆடிய அணி.

அன்று நோட்ர டேம் பக்கம் ஆடிய ஒரே கறுப்பர் ஆலன் பேஜ். அவரும் டிஃபென்சிவ் எண்ட்தான். பிற்காலத்தில் மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

1967 டிராஃப்டில் முதல் ஆளாக பப்பாவை பால்டிமோர் கோல்ட்ஸ் எடுத்தது. முதல் எட்டு பேரில் நால்வர் மிச்சிகன் ஸ்டேட்காரர்கள். 1971 ஜனவரியில் சூப்பர் பவுல் வெற்றி, 1972ல் முழங்கால் காயம், 1976ல் ஓய்வு.

பிறகு சினிமா, பீர் விளம்பரம். 1980களில் படித்த கல்லூரியின் விழா ஊர்வலத்துக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்தார்கள். போதையில் மாணவர்கள் அந்த விளம்பர வசனத்தையே கூவுவதைக் கண்டார். நல்ல காசு வந்த வேலை, விட்டுவிட்டார்.

2006ல் பல்கலைக்கழகம் அவருடைய 95ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்து கௌரவித்தது. 2011ல் தன் 66வது வயதில் காலமானார். அவருடைய மூளையை ஆராய்ந்ததில் சி.டி.இ. நோய் இருந்தது 2016ல் வெளியானது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருவது. நான்கு நிலைகளில் மூன்றாவது நிலையில் இருந்தது.