ஓவியத்துக்கு மதிப்பெண்: இக்கரையும் அக்கரையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்புக்குள் போய், "ஒரு இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மலைகளைப் போடுவார்கள். நடுவே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து ஓர் ஆறு இறங்கும். கரையில் ஒரு கூரை வீடும் தென்னை மரமும் நிற்கும். இந்த மாவட்டமோ பெரும்பாலும் தட்டை நிலம். இராமேசுவரம் தீவின் உயரமான இடமான கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். சூரியன் இங்கே கடலிலிருந்து எழுகிறது. அப்பா வல்லத்தில் தொழிலுக்குப் போய்க் கரை திரும்புவதைத் தினமும் பார்க்கிற பிள்ளையும் மலையைத்தான் வரைகிறது. அந்தப் படத்துக்குத்தான் இதுவரை 'குட்' விழுந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியும்.

இந்தப் படத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? கோடு சுத்தமாக இருக்கிறது, வண்ணம் வழியவில்லை, தாள் நிறைந்திருக்கிறது. ஆனால் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்று கேட்டால் பதில் இல்லை. ஓவிய ஆசிரியர்கள் நாள்தோறும் சந்திக்கிற இந்தச் சிக்கலை ஒரே கடலின் இரு கரைகள் இரண்டு விதமாகத் தீர்த்துக்கொண்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரு கரையிலும் தமிழில்தான் பாடம் நடக்கிறது. அக்கரையில் சித்திரம் அரசுப் பொதுத் தேர்வுப் பாடம். இக்கரையில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஓவியத்துக்கு இடமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ஆசிரியர்களுக்குப் பயன்படும் சில விஷயங்கள் புலப்படும்.

இரு நாட்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். இங்கிலாந்தில் தென் கென்சிங்டனில் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த ஓவியப் பயிற்சி முறை, தேர்வு முறையோடு சேர்ந்து, குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் போனது. அச்சிட்ட படத்தைப் பார்த்துப் பிசகாமல் எழுதுவது, கனசதுரத்தையும் உருளையையும் வைத்து நிழல் போடுவது, வடிவியல் வரைவது: இவையே அதன் பாடங்கள். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வு அந்த மரபில் வந்தது. "லோயர் முடிச்சாச்சு, ஹையர் எழுதணும்" என்று ஊர்ப்பக்கம் பேசிக்கொள்வது இதைத்தான். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், ஜியாமெட்ரிக்கல், பெயிண்டிங் என்று தாள்கள். டிராயிங் மாஸ்டர் ஆக விரும்புகிறவருக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும்.

இந்தத் தேர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். நடுக்கோட்டுக்கு இருபுறமும் வளைவு ஒத்துப்போக ஒரே இழுப்பில் கோடு போடுகிற கை லேசில் வராது. ஆனால் இது ஆசிரியராகப் போகிறவரின் கைத்திறனை அளக்கிற தேர்வு. பத்து வயதுப் பிள்ளை என்ன கற்றது என்பதை அளக்க இது உருவானதில்லை. நடப்பில் என்ன ஆகிறது? மாஸ்டர் தான் தேறிய தேர்வின் கண்ணாலேயே பிள்ளையின் தாளையும் பார்க்கிறார். கோடு நேரா, அழித்த தடம் இருக்கிறதா, இருபுறமும் ஒத்திருக்கிறதா? வேறு அளவுகோலை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

அக்கரையில் கதை 1920இல் திரும்பியது. அந்த ஆண்டு இலங்கையின் தலைமை ஓவிய ஆய்வாளராக வந்த சார்ல்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர், அச்சுப்படத்தை நகலெடுப்பதிலிருந்து பிள்ளைகளை விடுவித்து, கண்ணால் கண்டதையும் மனத்தில் எழுவதையும் வரையவைக்க முயன்றார். அவர் பெயரிலேயே எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஓவியர் அ. மாற்கு போன்றவர்கள் ஆசிரியராக இருந்துகொண்டே நவீன ஓவியத்தை வடக்கின் இளைஞர்களிடம் கொண்டுசென்றார்கள். வகுப்பறையும் ஓவியரின் பட்டறையும் அங்கே ஒன்றையொன்று அறிந்திருந்தன.

இன்று இலங்கைப் பாடசாலையில் அழகியல் பாடங்களில் ஒன்றாகச் சித்திரத்தை எடுக்கும் மாணவர், கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரத் தேர்வில் அதை எழுதலாம். உயர்தரத்திலும் அது ஒரு பாடம். அதன் வழியே பல்கலைக்கழக நுண்கலைப் பட்டம் வரை போகலாம். தேர்வில் வரையவேண்டிய செயன்முறைத் தாள்கள் உண்டு. கலை வரலாறு, ரசனை இரண்டையும் சோதிக்கிற எழுத்துத் தாளும் உண்டு. சிகிரியாவின் சுவரோவியத்தைப் பற்றிப் பதினாறு வயதுப் பிள்ளை பதில் எழுதவேண்டும். பெற்றோர் கண்ணில் சித்திரத்துக்கு ஒரு மதிப்பு அங்கே இருக்கிறது, ஏனென்றால் பெறுபேற்றுத் தாளில் அதற்கும் ஒரு வரி உண்டு.

நம் பக்கத்தில் அந்த வரி இல்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வந்தபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பாடங்களுக்குப் பிரித்தார்கள். ஓவியம் கல்வி இணைச் செயல்பாடுகளில் சேர்ந்தது. அதற்கு ஒரு கிரேடு. எதைப் பார்த்து அந்தக் கிரேடு என்பது ஆசிரியரின் விருப்பம். பருவ இறுதியில் நாற்பது பெயர்களுக்கு எதிரே ஒரே உட்காரலில் கிரேடு எழுதி முடிக்கிற நிலைதான் பல இடங்களில் இருக்கிறது.

அதே 2012இல்தான் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்களும் வந்தன: ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்கு இப்படிப்பட்ட பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொன்னதன் விளைவு அது. வாரம் மூன்று அரைநாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். கடற்கரை ஊர் ஒன்றில் பஸ் பிடித்து வந்து, பல வகுப்புகளைப் பார்த்துவிட்டு, மதியம் வேறு பிழைப்புக்குப் போகிற ஒருவரிடம் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் எழுதி வை என்று கேட்பது எளிது. எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்த பயிற்சி அவருக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா இந்த வெறுமையில் ஒரு நல்ல காரியம். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும் போட்டியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியத்துக்கு மேடை கிடைத்தது. கலையரசன், கலையரசி விருதுகள் ஊரில் பேசப்படுகின்றன. ஆனாலும் போட்டி ஒரு வகுப்பில் நன்றாக வரைகிற இருவரைத்தான் கண்டெடுக்கும். மீதி முப்பத்தெட்டுப் பேர் என்ன கற்றார்கள் என்பதைச் சொல்லாது.

அப்படியானால் அக்கரையே மேல் என்று முடித்துவிடலாமா? முடியாது. பொதுத் தேர்வு என்று வந்துவிட்டால் அதற்கென்று ஒரு வார்ப்பும் வந்துவிடும். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களில் சந்தை, திருவிழா, மீனவர் கரைவலை இழுத்தல் என்று கருப்பொருள்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தை முன்கூட்டியே பழகிக்கொண்டு தேர்வறைக்குப் போகிற பழக்கத்தைத் தேர்வு முறையே வளர்க்கும். அங்கே கரைவலை இழுப்பவர் படம், இங்கே இரண்டு மலைப் படம். கருப்பொருள் மாறியது, மனப்பாடம் மாறவில்லை. இரு கரையும் கடைசித் தாளைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. அந்தத் தாளுக்கு முன்னால் நடந்தது எதுவும் கணக்கில் வருவதில்லை.

எது கணக்கில் வரவேண்டும் என்பதைச் சொல்ல, பாம்பனில் படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஜூனில் அவள் வரைந்த வல்லம், ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. அலைகள் ஒரே மாதிரியான வளைவுகள். கடல் முழுக்க ஒரே நீலம். வல்லத்தின் பலகைக்குள்ளே இருக்கிற மீனும் வெளியே தெரிகிறது. வரைதிறன் தேர்வின் கண்ணுக்கு இந்த மீன் பிழை. விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வெளியிட்ட தம் நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சிப் படிகளை விளக்கியபோது, அடிக்கோட்டையும் இப்படி உள்ளே இருப்பதை வெளியே காட்டும் முறையையும் ஒரு வயதுக்குரிய இயல்பான கட்டமாகவே வைத்தார். பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கண்ணுக்குப் படுவதை வரையும் கட்டம் அடுத்து வரும்.

இனி அவளுடைய டிசம்பர்ப் பக்கம். வல்லத்தின் முன்முனையான அணியம் மேலே தூக்கி நிற்கிறது, ஏனென்றால் கரையில் ஏற்றிவைத்த வல்லத்தைப் போய்ப் பார்த்து வரைந்திருக்கிறாள். அடிக்கோடு போய்விட்டது. பாலத்துக்கு ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். வாடைக்காற்றில் கொந்தளிக்கும் வடகடலுக்குச் சாம்பலும் மண்ணிறமும் கலந்திருக்கிறாள். அடங்கிக் கிடக்கும் தென்கடலுக்குப் பச்சை கலந்த நீலம். கோடு இன்னும் நடுங்குகிறது. ஒரு பக்கம் வண்ணம் ஊறிப்போயிருக்கிறது. தனித்தாளாகப் பார்த்தால் இதற்கும் நடுத்தர மதிப்பெண்தான் விழும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆசிரியருக்கு, இவள் பார்க்கக் கற்றுக்கொண்டாள், வண்ணம் கலக்கக் கற்றுக்கொண்டாள் என்பது விளங்கும். கோட்டில் பயிற்சி வேண்டும் என்பதும் விளங்கும். மதிப்பீடு என்று நான் சொல்வது இதைத்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. சேவாகிராமத்தில் 1944 முதல் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கலையைக் கல்வியின் அடித்தளமாகவே பார்த்தார். ஹார்வர்டின் புராஜெக்ட் ஜீரோவும் பிட்ஸ்பர்க் பள்ளிகளும் 1985இல் தொடங்கிய ஆர்ட்ஸ் புரோபெல் திட்டம், முடிந்த படங்களோடு முயற்சிகளையும் கைவிட்ட ஓவியங்களையும் பிள்ளையின் குறிப்புகளையும் சேர்த்துவைத்த கோப்பை மதிப்பிட்டது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஓவியத்தில் செய்முறைக்கு உள்ள 70 மதிப்பெண்ணில் ஒரு பங்கு, ஆண்டு முழுதும் சேர்த்த படைப்புக் கோப்புக்குப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் முடிகிறது ஆறாம் வகுப்பில் ஏன் முடியாது?

அக்கரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு: படத்தைப் பார்த்துப் பேசவும் எழுதவும் கற்பிப்பது. சிகிரியாவுக்கு ஈடான பாடநூல் இராமநாதபுரத்துக்குள்ளேயே இருக்கிறது. அரண்மனை இராமலிங்க விலாசத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் உள்ளன. தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திப்பது, இராமாயண, பாகவதக் காட்சிகள், இராஜராஜேஸ்வரி அரசருக்குச் செங்கோல் தருவது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் அந்த மண்டபத்துக்கு ஒரு வகுப்பைக் கூட்டிப்போய், "இந்தச் சுவரில் யார் பெரிதாக இருக்கிறார்கள், ஏன்? எந்த வண்ணம் அதிகம்? கூட்டத்தை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டு, ஐந்து வரி எழுதச் சொன்னால் போதும். அந்த ஐந்து வரி ஒரு மதிப்பீட்டுச் சான்று. வரைய வராத பிள்ளை நன்றாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளையாக அங்கே வெளிப்படும்.

இக்கரைக்கும் ஒரு வசதி உண்டு, அதை நாம் பயன்படுத்தவே இல்லை. பொதுத் தேர்வு இல்லாததால் எந்த வார்ப்புக்கும் நம் ஆசிரியர் கட்டுப்படவேண்டியதில்லை. நாற்பது பேர் வகுப்பில் ஒரு பீரியடுக்கு ஐந்து நோட்டு என்று எடுத்துப் பார்த்தால் எட்டுப் பீரியடில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கவேண்டும். அழித்ததைக் கிழிக்கக்கூடாது. கீழே பிள்ளையே ஒரு வரி எழுதவேண்டும்: எதைப் பார்த்து வரைந்தேன், எது சரியாக வரவில்லை. ஆசிரியர் தன் பங்குக்கு ஒரு வரி. 'குட்' என்று வேண்டாம். "அணியத்தின் வளைவு வந்துவிட்டது, அடுத்து நிழலைப் பார்" என்று எழுதினால் அதுவே பாடம், அதுவே மதிப்பீடு. வாரம் மூன்று அரைநாள் வருகிறவராலும் இது முடியும்.

எனவே என் தீர்ப்பு இது. சித்திரத்துக்குப் பெறுபேற்றுத் தாளில் இடம் கொடுத்ததிலும் ரசனையைப் பாடமாக்கியதிலும் அக்கரை சரி. தேர்வறையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதில் அது தவறு. கைத்திறனை விடாமல் பிடித்திருப்பதில் இக்கரை சரி. அதைப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலாக்கியது தவறு. பள்ளிக் கல்வித் துறை செய்யவேண்டியது, ஓவிய நோட்டுக்கென்று மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஒரு பக்கமும், பகுதிநேர ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சியும் தருவது. தலைமை ஆசிரியர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது: பிள்ளைக்கு ஒரு கோடில்லா நோட்டும், அந்த நோட்டுகளை வைக்க அலமாரியில் ஒரு தட்டும் ஒதுக்குங்கள். டிராயிங் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள்.