மூன்றெழுத்து முகவரி

சங்கரன்கோவிலின் பின்கோடு 627756. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தை விட்டுப் பிரிந்தது. 627 மட்டும் பிரியவில்லை. தபால் பிரிக்கிறவருக்குக் கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது தேவையில்லாத சங்கதி. முகவரியின் வாலில் இருக்கும் ஆறு இலக்கம் போதும். 1972-இல் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை இது. ஆனால் எழுதினால் மட்டும் போதாது, அதை வாசிக்க ஒரு ஆள் வேண்டும். உயிரணுவுக்குள் நடக்கும் தபாலிலும் முகவரி முதலில் கிடைத்தது. வாசிக்கும் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் ஈஸ்ட் வேண்டியிருந்தது.

செல்லில் புரதங்கள் பெரும்பாலும் ஒரே பொதுவெளியில் தயாராகின்றன. அங்கிருந்து நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா, பெராக்ஸிசோம் என்று அதது தன் இடத்துக்குப் போயாக வேண்டும். போகவேண்டிய இடம் புரதத்திலேயே எழுதியிருக்கிறது என்ற யூகத்தை குந்தர் புளோபெலும் டேவிட் சபாடினியும் 1971-இல் முன்வைத்தார்கள். 1975-இல் புளோபெல் அதைச் சோதனையில் காட்டினார், 1999-இல் நோபல் வந்தது. அவர் கண்ட முகவரி புரதத்தின் தலைப்பக்கம் இருந்தது; பெரும்பாலும் உள்ளே போகும்போதே வெட்டி எறியப்பட்டுவிடும்.

பெராக்ஸிசோம் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கிறிஸ்டியன் டி டூவ் 1960களில் பெயர் வைத்த சின்னஞ்சிறு பை அது. கொழுப்பு அமிலங்களை உடைக்கும். அதில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானே முறிக்கவும் செய்யும். அதன் புரதங்களில் தலையில் எதுவும் வெட்டுப்படுவதாகத் தெரியவில்லை. அப்படியானால் முகவரி எங்கே?

விடை மின்மினிப் பூச்சியிலிருந்து வந்தது. சான்டியாகோவில் மார்லீன் டிலூகாவின் குழு 1985-இல் மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் ஜீனைப் பிரித்தெடுத்திருந்தது. அதே பல்கலைக்கழகத்தில், ஐஐடி கான்பூரில் படித்து பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற சுரேஷ் சுப்பிரமணி இருந்தார். ஜீனைக் குரங்குச் செல்லுக்குள் போட்டுப் பார்த்தார்கள். பூச்சியின் புரதம் நேராகப் பெராக்ஸிசோமுக்குள் போய் உட்கார்ந்தது. 1987-இல் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு டிலூகா இறந்துபோனார்.

பூச்சிக்கும் குரங்குக்கும் ஒரே பின்கோடா? சுப்பிரமணியின் மாணவர் ஸ்டீபன் கூல்ட் புரதத்தைத் துண்டுதுண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு வரியை கமெண்ட் செய்துவிட்டு எது நிற்கிறது என்று நாங்கள் பார்ப்போமே, அதே வேலைதான். 550 அமினோ அமிலங்களில் கடைசி மூன்று போதும் என்று முடிந்தது: செரின், லைசின், லூசின். சுருக்கமாக எஸ்-கே-எல். சம்பந்தமே இல்லாத புரதத்தின் வாலில் இதை ஒட்டினாலும் அது பெராக்ஸிசோமுக்குப் போனது. 1990-இல் ஈஸ்ட், தாவரம், பூச்சி, பாலூட்டி எல்லாவற்றிலும் இந்த முறை ஒன்றேதான் என்று காட்டினார்கள்.

இனி, அதை வாசிப்பது யார்? இங்கேதான் விஷயம் கனமாகிறது. ஸெல்வெகர் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. குழந்தை தசைத் தளர்ச்சியோடு பிறக்கும், பால் குடிக்கத் திணறும், வலிப்பு வரும். பெரும்பாலும் முதல் வருடத்தைத் தாண்டாது. அந்தச் செல்களில் பெராக்ஸிசோம்கள் முறையாக உருவாவதில்லை, புரதங்கள் வெளியிலேயே அலைகின்றன. பிறந்து சில மாதங்களில் இறந்துவிடும் குழந்தைகளை வைத்து எந்த ஜீன் கெட்டது என்று தேடுவது எவ்வளவு கஷ்டம்!

ஈஸ்டுக்கு இதே கோளாறு வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை. சர்க்கரை கொடுத்தால் பெராக்ஸிசோம் இல்லாமலேயே சுகமாக வளரும். ஓலியிக் அமிலத்தையோ மெத்தனாலையோ கொடுத்தால்தான் தடுமாறும். ஆகவே சர்க்கரையில் வளர்ந்து, எண்ணெயிலும் மெத்தனாலிலும் வளராதவற்றைப் பொறுக்கினால் போதும், பழுதான செல்கள் உயிரோடு கைக்குக் கிடைக்கும். ஜெர்மனியில் வுல்ஃப் குனாவின் குழு ரொட்டி ஈஸ்டில் ஓலியிக் அமிலத்தை வைத்து இந்த வழியைத் திறந்தது. சுப்பிரமணியின் குழு எடுத்துக்கொண்டது பிக்கியா பாஸ்டோரிஸ். அது இரண்டையும் தின்னும். மெத்தனாலில் விட்டால் அதன் பெராக்ஸிசோம்கள் பெருத்துவிடும், கோளாறு கண்ணுக்குத் தெரியும். (1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக் கொண்டுவந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உருவானதும் இந்த ஈஸ்டில்தான்.)

1993-இல் டானல் மெக்கல்லம், சுப்பிரமணி முதலானோர் பாஸ்8 என்ற பிக்கியா ஜீனைப் பிடித்தார்கள். அதன் புரதம் எஸ்-கே-எல் வாலைப் பற்றிக்கொள்கிறது. அது பழுதானால் ஈஸ்டில் தெரிவது ஸெல்வெகர் செல்களின் அதே குறை. தலைப்பிலேயே அந்த நோயின் பெயரைப் போட்டார்கள். துணிச்சல்தான், ஆனால் சரியாகவே இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போயிருந்த கூல்டும் சகாக்களும் 1995-இல் அதன் மனித வடிவத்தைக் கண்டுபிடித்து, நோயாளிகளிடம் அந்த ஜீனில் பிழை இருப்பதைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் பெக்ஸ்5. இந்த நோயை உண்டாக்கக்கூடிய பெக்ஸ் ஜீன்கள் இன்னும் பல உண்டு.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். இருவருமே பழுதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற நம் பக்கத்துக் குடும்பங்களில் இப்படி இரண்டு பிரதி சேர வழி அதிகம். மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அதைச் சாமி குத்தம் என்பார்கள், பெரும்பாலும் மருமகள் தலையில்தான் விழும். குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் எந்த ஜீனில் என்ன பிழை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே சோதித்துச் சொல்லிவிட முடியும்.