பத்துப் பவுண்டு இல்லம்

இங்கிலாந்தின் தென்பகுதியில், கிழக்கு சசெக்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரிஸ்டன் என்னும் சிற்றூரில், தேவாலயத்தின் அருகே வைக்கோல் கூரை வேய்ந்த பழைய மரவீடு ஒன்று நிற்கின்றது. 'பாதிரியார் இல்லம்' என்பது அதன் பெயர். அரண்மனைகளையும் கோட்டைகளையுமே வரலாறு எனக் கற்ற நமக்கு, எளியதொரு வீடும் வரலாறே என்பதை அது உணர்த்துகின்றது.

பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த இவ்வீடு, 'வீல்டன்' எனப்படும் கூடவீட்டு வகையினது. ஓக் மரத் தூண்களையும் விட்டங்களையும் மர ஆணிகளால் பிணைத்து, இடைவெளிகளில் மிலாறு பின்னிக் களிமண் அப்பிச் சுவர் எழுப்புவர். நடுவே கூரைவரை திறந்த பெருங்கூடம். இருமருங்கும் ஈரடுக்கு அறைகள். மேலடுக்கு கீழ்ச்சுவரைக் கடந்து முன்னே நீண்டிருக்க, கூடம் உள்ளொதுங்கி நிற்கும். அனைத்தையும் ஒரே கூரை கவிந்திருக்கும். புகைபோக்கி இல்லாத அக்காலத்தில், கூடத்தின் தரையிலேயே தீ எரிந்தது. புகை மேலெழுந்து கூரைவழியே கசிந்தது. அத்தீயைச் சூழ்ந்தே வீட்டார் உண்டனர், உரையாடினர். பதினாறாம் நூற்றாண்டு முதல் புகைபோக்கிகள் பரவவே, இத்தகைய கூடங்கள் பலவும் குறுக்கே தளமிடப்பட்டு அறைகளாயின. புகை அகன்றது; கூடியிருத்தலும் குறைந்தது. ஆல்ஃபிரிஸ்டன் கூடமோ இன்றும் கூரைவரை திறந்தே இருக்கின்றது. சுண்ணக்கட்டியை இடித்துப் பரப்பிப் புளித்த பால் வார்த்து இறுக்கிய அதன் தரையும் காணத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வீடு சிதைந்து, இடிக்கப்படும் நிலையை எய்தியது. அவ்வூர்ப் பாதிரியார் அதனைக் காக்க முயன்றார். கவிஞர் வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியிருந்தனர். 1895இல் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ரான்ஸ்லி ஆகியோர் தேசிய அறக்கட்டளையைத் தோற்றுவித்தனர். மறு ஆண்டே, 1896இல், அவ்வறக்கட்டளை 10 பவுண்டுக்கு இவ்வீட்டை வாங்கியது. அது பெற்ற முதற் கட்டடம் இதுவே. விலையினும் பன்மடங்காயிற்று பழுதுபார்க்கும் செலவு. அதற்காக ஆக்டேவியா ஹில் பலரிடமும் நன்கொடை வேண்டினார்.

பழையதைப் புதியதாக்குவது பாதுகாப்பன்று. மேலும் சிதையாமல் தாங்கி நிற்பதே பாதுகாப்பு என்பது மோரிஸின் சங்கம் வகுத்த நெறி. ஏட்டுச்சுவடி பதிப்போர் இதனை நன்கறிவர்: செல்லரித்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் தம் சொல்லை இட்டு நிரப்புவதில்லை. கவிஞர் ஒருவர் கட்டடங்களுக்காக எழுந்து நின்றதில் வியப்பில்லை. முன்னோர் விட்டுச் சென்றதைத் தம் கைவண்ணம் காட்டாமல் காப்பது, கல்லிலும் மரத்திலும் சொல்லிலும் ஒரே பணிவையே வேண்டி நிற்கின்றது.