வெளியார் திருத்தமும் பராமரிப்பாளர் உழைப்பும்: பைத்தான் இடமாற்றத்தை முன்வைத்து

திறமூல மென்பொருளை 'யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்பார்கள். உரிமம் தருவது நகலெடுத்து, அந்த நகலைத் திருத்திக்கொள்ளும் உரிமையைத்தான். திருத்தத்தை மூலத் திட்டம் ஏற்றாக வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்வதில்லை. ஆகவே வெளியாருக்கு வழியை எளிதாக்குவதென்றால், வந்த திருத்தத்தைப் படித்து, சோதித்து, சேர்ப்பவரின் சுமையைக் குறைப்பதே முதல் வேலை. பைத்தான் மொழியின் மூல நிரல் 2017 பிப்ரவரியில் மெர்க்கூரியல் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியை விட்டு கிட்ஹப் தளத்துக்கு மாறியது இதற்கு நல்ல சான்று.

அதற்கு முன், பிழையைச் சரிசெய்த வெளியார் தம் மாற்றத்தை ஒரு பேட்ச் கோப்பாக்கிப் பிழைப் பதிவேட்டில் இணைத்துவிட்டுக் காத்திருப்பார். மிச்சமெல்லாம் எழுதும் அனுமதி பெற்ற மைய உறுப்பினர் தலையில். கோப்பை இறக்க வேண்டும், தம் கணினியில் பொருத்த வேண்டும், சோதனைகளை ஓட்ட வேண்டும், பழைய பதிப்பின் கிளையில் தொடங்கிப் புதிய கிளைவரை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மாற்ற வரலாற்றில் ஆசிரியராகப் பதிவதும் அவர் பெயரே. எழுதியவருக்குக் குறிப்புரையில் ஒரு நன்றி.

இடமாற்றத்துக்காக மைய உறுப்பினர் பிரெட் கேனன் எழுதிய பெப் 512 என்ற முன்மொழிவு ஆவணம் இலக்கை வகுத்த விதம் கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து வந்த ஒரு மாற்றத்தை, கையில் ஒரு டேப்லெட்டும் பிரவுசரும் மட்டுமே உள்ள மைய உறுப்பினர் இறுதிவரை கொண்டுபோய்ச் சேர்க்க முடிய வேண்டும் என்றது அது. வெளியாருக்கான சீர்திருத்தம், அளவுகோலோ உள்ளிருப்பவரின் வசதி. இது முரணன்று என்பதே என் வாதம்.

செய்திக் கோப்பை எடுத்துக்கொள்வோம். பயனர் அறிய வேண்டிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு உண்டு. முன்பு எல்லாக் குறிப்புகளும் ஒரே கோப்பில், ஏறத்தாழ ஒரே இடத்தில் நுழையும். நிரலின் வெவ்வேறு மூலைகளைத் தொட்ட இரு திருத்தங்கள்கூட அந்தக் கோப்பில் வந்து மோதிக்கொள்ளும். ஒன்றைச் சேர்த்த கணமே மற்றது பழுதாகும். திருத்தம் சரி, சோதனையும் சரி. தடுப்பது ஒரு குறிப்பு வரி! பின்னர் வந்த 'பிளர்ப்' என்ற கருவி குறிப்பு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக்கியது. வெளியீட்டின்போது அவை தொகுக்கப்படும். புதிய கிளையில் சேர்ந்ததைப் பழைய கிளைகளுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பெரும்பாலும் ஒரு பாட் (தானியங்கி நிரல்) பார்த்துக்கொள்கிறது. வெளியார் கண்ணில் படாத இந்தச் சில்லறை வேலைகள்தான் அவர்களைக் காக்க வைத்திருந்தன.

அனுப்புவதை மட்டும் எளிதாக்கினால் என்ன ஆகும்? டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு விழா 2020 அக்டோபரில் அதைக் காட்டியது. நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் நான்கு விண்ணப்பங்களுக்கு, ஒரு டி-சர்ட். விளக்கக் கோப்பில் ஓர் அடைமொழியைச் செருகிய 'திருத்தங்கள்' வெள்ளமாய் வந்தன. சில நாட்களிலேயே, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

எதிர்த்திசையில் லினக்ஸ் கர்னல். அங்கே பேட்ச் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் போகிறது. புதியவரை மிரட்டும் முறை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய பல்லாயிரம் மாற்றங்கள் சேர்கின்றன. ஊதியம் பெற்று எழுதுவோர் அங்கு மிகுதி. அது மட்டுமே காரணமன்று. எந்தப் பகுதியை யார் படிப்பார் என்று ஒரு கோப்பு சொல்கிறது. பேட்சை யாருக்கு அனுப்புவதென்று அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஸ்கிரிப்டும் உண்டு. வாசல் குறுகல்தான், ஆனால் உள்ளே ஆள் இருக்கிறார்.

பைத்தானில் வாசல் அகன்றபின்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகள் திறந்தே கிடக்கின்றன. மோதல் தீர்ந்தது, சோதனை தானே ஓடுகிறது. ஆனால் ஒரு நூலகத்தின் நடத்தையை இப்படி மாற்றலாமா என்பதை பாட் தீர்மானிக்காது. அதற்கு அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் வேண்டும். திட்டத்தின் வழிகாட்டியில் எந்தத் தொகுதிக்கு யார் நிபுணர் என்ற பட்டியல் இருக்கிறது. பல தொகுதிகளுக்கு எதிரே பெயரில்லை.