ஐந்து சதவீதமும் ஓர் அடைமொழியும்

இந்திய ரயிலின் வரலாற்றை 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடிய வண்டியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே லண்டனில் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. 1849 ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று 'கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே' கம்பெனிக்கு அங்கீகாரம் அளித்தது. அம்மாதமே கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: 99 ஆண்டுகளுக்கு இலவச நிலம், போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் போதாவிட்டால் குறையை இந்திய வரிப்பணம் நிரப்பும்.

செலவு கூடினாலும் வட்டி குறையாது என்றபின் சிக்கனத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்? மைலுக்கு 8,000 பவுண்டு போதும் என்று கணித்திருந்தார் டல்ஹௌசி. 1860களின் இறுதியில் சராசரி ஏறத்தாழ 18,000 பவுண்டைத் தொட்டது. 1869இல் அரசே நேரடியாகப் பாதை அமைக்க முற்பட்டதற்கு இந்தச் சுமை முக்கியக் காரணம்.

வரி கட்டிய மக்களே கட்டணமும் கட்டினார்கள். அவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது? 1854ஆம் ஆண்டின் முதல் இந்திய ரயில்வே சட்டம், சீட்டில்லாமல் ஏறுவோருக்கு அபராதம் விதித்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், எவருக்கும் 'நியாயமற்ற சலுகை' காட்டலாகாது என்றது. ஆயினும் துறைமுகச் சரக்குக்குக் குறைந்த கட்டணம், உள்நாட்டு ஊர்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு அதிகக் கட்டணம் என்ற முறையீடு ஓயவில்லை. ஆக்வொர்த் குழுவின் முன் (1920-21) அது மீண்டும் எழுந்தது. 1926இல் அமைந்த கட்டணக் குழுவுக்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே இருந்தது.

பங்குதாரருக்கு எழுதிக்கொடுத்தது ஓர் எண். கட்டணம் செலுத்தியவருக்கு எழுதிக்கொடுத்தது ஓர் அடைமொழி. எண் தானாகவே வசூலாகிவிடும். அடைமொழியை வாதாடித்தான் நிறுவ வேண்டும்.